குவாரித் தண்ணீரில் இறங்கியவர்கள்

ஹரிபிரசாத்துக்கு நீச்சல் தெரியாது. சத்தியவேட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது ஒரு குறையாகப் பட்டதே இல்லை. ஏரி நிரம்பிய வருஷங்களில் கூட்டாளிகள் மதகிலிருந்து குதிக்கும்போது, அவன் கரையில் உட்கார்ந்து அவர்கள் துணிகளுக்குக் காவல் இருந்தான். ஆனால் அவன் கட்டிக்கொண்டது, தண்ணீருக்குள்ளேயே பிழைப்பு நடத்திய ஒருத்தியை.

நந்திதா அந்தமான்காரி. தாத்தா காலத்திலேயே அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம். ஹேவ்லாக் தீவில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஸ்கூபா கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹரிபிரசாத் அப்போது போர்ட் பிளேரில் ஒரு ஐஸ் ஃபாக்டரியில் கம்ப்ரஸர் மெக்கானிக். ஒரு நாள் அவளுடைய கம்பெனியில் சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸர் மக்கர் பண்ணியது. தீவில் ஆள் கிடைக்காமல் இவனைக் கூப்பிட்டார்கள். மெஷினைச் சரி செய்யப் போனவன், அதற்கப்புறம் சரியாக ஓடிக்கொண்டிருந்த மெஷினையும் பார்க்கப் போக ஆரம்பித்தான்.

கல்யாணம் ஆன மறு வருஷம் ஹரியின் நைனா முனிரத்தினம் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள வேறு பிள்ளை இல்லை. இருவரும் சத்தியவேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஹரிக்கு மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது. நந்திதாவும் பக்கத்திலேயே இன்னொரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தாள். காலையில் பஸ், எட்டு மணி நேரம் விளக்கு வெளிச்சத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, சாயங்காலம் பஸ்.

அவள் குறை சொல்லவில்லை. அதுதான் ஹரியை உறுத்தியது. வெயில், தூசி, மாமியார் பொன்னியம்மாளின் காரக் குழம்பு, பாதியில் தெலுங்குக்குத் தாவும் அக்கம்பக்கத்துப் பேச்சு என்று எல்லாவற்றையும் தலையாட்டி ஏற்றுக்கொண்டாள். ஆனால் தனியாக இருக்கும்போது போனில் எதையோ தேடிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை எட்டிப் பார்த்தான். 'அருகில் ஸ்கூபா' என்று போட்டிருந்தாள். போர்வெல் போடுகிறவர்கள், நீர்மூழ்கி மோட்டார் கடை, திருப்பதியில் மீன்தொட்டி விற்கும் கடை என்று வரிசையாக வந்திருந்தன. அவள் சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை.

"மெட்ராஸ்ல இல்லியா?" என்றான்.

"இருக்கு. ரெண்டு இடத்துல பேசிட்டேன். இப்ப வாடைக்காத்து, கடல் கலங்கிக் கெடக்கு, பிப்ரவரிக்கு அப்புறம் பேசுங்கன்னுட்டாங்க."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன? இருந்துட்டுப் போறேன்."

சமையலறையிலிருந்து பொன்னியம்மாள் குரல் கொடுத்தாள். "தண்ணிக்கு அடில அப்டி இன்னாதான்டா கீது, இவ இப்டி ஏங்கிப் போய்க் கீறா?"

அது ஹரிக்கும் தெரியாது. அவன் பார்த்ததில்லை.

டிசம்பர் மாதம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் கோவர்த்தனன்தான் அந்தப் பெயரைச் சொன்னான். மாசிலாமணி என்று ஒருத்தர் திருப்பதியில் நீச்சல் குளம் வைத்திருக்கிறார், ஸ்கூபாவும் சொல்லித் தருகிறார், குளத்தில் பழகியவர்களைக் கார்வேட்டிநகரம் தாண்டி ஒரு பழைய கல்குவாரிக்குக் கூட்டிப்போய் ஆழத்தில் இறக்குகிறார் என்றான். குவாரி கைவிடப்பட்டு வருஷக்கணக்காகிறது; மழைத்தண்ணீரும் ஊற்றும் சேர்ந்து ஐம்பதடிக்கு மேல் நிற்கிறது; அடியில் அந்தக் காலத்து டிப்பர் லாரி ஒன்று அப்படியே கிடக்கிறது.

ஹரி அன்றைக்கே மாசிலாமணிக்குப் போன் போட்டான். தன் மனைவி அந்தமானில் பயிற்சியாளர் என்று சொன்னதும் அந்தப் பக்கம் குரலே மாறிவிட்டது. "அய்யய்யோ, அவுங்க மாதிரி ஆளுக்காகத்தாங்க நான் காத்துக்கினு கீறேன். ஞாயித்துக்கெழம கூட்டியாங்க. என் விருந்தாளியா வரட்டும்."

வீட்டுக்கு வந்து நந்திதாவிடம் சொன்னான். அவள் ஸ்டூல் போட்டு ஏறி, பீரோவுக்கு மேலே மாதக்கணக்காகக் கிடந்த பையை இறக்கினாள். மாஸ்க்கையும் காலில் மாட்டும் ஃபின்ஸையும் எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். ஹரிக்கு அந்த வருஷத்திலேயே அதுதான் நல்ல நாளாக இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பினார்கள். நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர். வழியெல்லாம் முந்தின நாள் மழையின் ஈரம். கார்வேட்டிநகரம் தாண்டி மண்பாதையில் திரும்பியதும் பாறைமேடு தெரிந்தது. மேட்டின் மேல் ஒரு தகரக் கொட்டகை. அங்கிருந்து பாதை சுற்றி இறங்கி, தண்ணீர் ஓரம் ஒரு கல்மேடையில் முடிந்தது. மூன்று பக்கமும் செங்குத்தாக வெட்டிய பாறைச் சுவர். நடுவில் கரும்பச்சை நிறத்தில், ஒரு சலனம் இல்லாமல், தண்ணீர். மேடையின் விளிம்பில் ஓர் இரும்பு ஏணியைப் பாறையில் அடித்திருந்தார்கள். அது தண்ணீருக்குள் இறங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

பார்த்தவுடன் ஹரி ஓரடி பின்னால் நகர்ந்து நின்றான். நந்திதாவின் முகமோ விளக்குப் போட்டது போல இருந்தது.

மாசிலாமணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல தோள்கட்டு. வாஞ்சையாகப் பேசினார். அன்றைக்கு வந்திருந்த ஒரே வாடிக்கையாளர் ரோஜா. திருப்பதியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுப்பவள். முப்பது வயது இருக்கலாம். குளத்தில் பழகி முடித்துவிட்டாள். ஆழத்தில் இறங்குவது அதுதான் முதல் தடவை.

"மேடம், நீங்களே ரோஜாவக் கூட்டிக்கினு எறங்குங்களேன்," என்றார் மாசிலாமணி. "நான் மேல கயிறப் பாத்துக்கறேன். உங்க கையில பழகினா அவுங்களுக்கும் பெருமதானே."

நந்திதா ரோஜாவிடம் நிறையக் கேள்வி கேட்டாள். காது அடைத்தால் என்ன செய்வீர்கள், மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வீர்கள் என்று. ரோஜா தெலுங்கும் தமிழுமாகக் கலந்து டக்டக்கென்று சொன்னாள். நந்திதாவுக்குத் திருப்தி. சிலிண்டரைத் திறந்து அளவு பார்த்தாள், வாயில் கடிக்கும் குழாயை வைத்து இரண்டு மூச்சு இழுத்தாள். மூன்றாவதாக ஒன்றும் இழுத்தாள். ஒரு கணம் யோசிப்பது போல நின்றாள்.

"இன்னா?" என்றான் ஹரி.

"ஒண்ணுமில்ல. ரொம்ப நாளாச்சுல்ல." அவன் கன்னத்தில் ஈரக்கையால் தட்டினாள். "நீ பயப்படாத. மேல காத்து முட்டைமுட்டையா வந்துக்கிட்டே இருக்கும், அதப் பாத்துக்கிட்டு நில்லு. முட்டை வந்தா நாங்க மூச்சு விடுறோம்னு அர்த்தம்."

இரண்டு பேரும் இறங்கினார்கள். பச்சைத் தண்ணீர் அவர்கள் தலையை மூடியது. மஞ்சள் நிற ஃபின்ஸ் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்து மறைந்தது. அப்புறம் இரண்டு இடத்தில் நீர்க்குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்து உடைந்தன.

ஹரி குமிழிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். மாசிலாமணி அந்தமானைப் பற்றி ஏதேதோ கேட்டார். பேச்சு காதில் ஏறவில்லை. மேலே கொட்டகையில் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் கேட்டது. தினமும் கேட்டுப் பழகிய சத்தம் அது. தண்ணீரைப் பார்ப்பதைவிட மெஷினைப் பார்ப்பது தேவலை என்று தோன்றி, "மேல போய்ட்டு வரேங்க" என்று சொல்லிப் பாதையில் ஏறினான்.

கொட்டகைக்குள் தமிழரசு என்கிற ஆள் உட்கார்ந்திருந்தார். மாசிலாமணிக்கு மச்சான் முறை. காலி சிலிண்டர் ஒன்றில் காற்று நிரம்பிக்கொண்டிருந்தது. நல்ல மெஷின்தான். ஹரி குனிந்து பெல்ட்டைப் பார்த்தான், ஆயில் பார்த்தான். காற்றை உள்ளே இழுக்கும் குழாய் எங்கே போகிறது என்று அவன் கண் தானாகவே தேடியது. அது ஜன்னல் வழியாக வெளியே போயிருந்தது.

அப்போதுதான் இன்னொரு சத்தம் அவனுக்குப் பிரிந்து கேட்டது. கொட்டகைக்கு வெளியே, கனமாக, இடைவிடாமல்.

"ஜெனரேட்டர் ஓடுதா?" என்றான்.

"கரண்டு நேத்து ராத்திரியே போயிடுச்சி சார். மழைல மரம் சாஞ்சி லைனு அறுந்துட்ச்சி. காலைலருந்து இதுலதான் ஓட்டிக்கினு கீறோம்."

ஹரி வெளியே போய்ச் சுற்றி வந்தான். டீசல் ஜெனரேட்டர் கூரையின் இறவாணத்துக்கு அடியில், சுவரை ஒட்டி, சரியாக அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றது. புகைக்குழாய் மேல்நோக்கி இருந்தது. அதிலிருந்து எழுந்த புகை இறவாணத்தில் முட்டி வெளியே போக வழியில்லாமல் சுவரோடு சுழன்றது. சுவரெல்லாம் கரி. அதற்கு நடுவில், கைக்கெட்டும் உயரத்தில், கம்ப்ரஸர் காற்று இழுக்கும் குழாயின் வாய்.

அதன் வடிகட்டியில் விரலை வைத்துப் பார்த்தான். விரல் கறுப்பாகத் திரும்பி வந்தது.

உள்ளே ஓடினான்.

"கீழ எடுத்துக்கினு போனாங்களே ரெண்டு சிலிண்டர், அது எப்ப ரொப்பினது?"

"இன்னிக்குக் காலைலதான் சார். அவுங்க வர்றதுக்கு மின்ன."

"இந்த ஜெனரேட்டர் ஓடிக்கினு இருக்கறப்பவா?"

தமிழரசு விழித்தார். "ஆமா சார். இன்னா ஆச்சி?"

புகையை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் அடைத்திருக்கிறார்கள். ஐஸ் ஃபாக்டரியில் சீனியர் ஒருவர் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்: மூடிய அறையில் இஞ்சின் புகையைச் சுவாசித்தவனுக்கு மூச்சுத் திணறவே திணறாது, தூக்கம் வருவது போலத்தான் இருக்கும், அப்படியே போய்விடுவான். நந்திதா இப்போது அதைத்தான் சுவாசித்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீருக்கு அடியில் தூங்கிப்போனால்?

மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டு, சுவரோரம் கிடந்த பெரிய ஸ்பேனரை ஏன் எடுக்கிறோம் என்று தெரியாமலே எடுத்துக்கொண்டு கீழே ஓடினான். ஈரப்பாறையில் இரண்டு தடவை விழுந்தான். முட்டி கிழிந்ததை அப்புறம்தான் பார்த்தான்.

"அவுங்கள மேல கூப்டுங்க! இப்பவே கூப்டுங்க!"

மாசிலாமணி திரும்பினார். ஹரி மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். அவர் முகம் முதலில் கோபமாகத்தான் மாறியது.

"பர்வாலேது சார், ஒண்ணும் ஆகாது. பதட்டப்படாதீங்க. நம்ம மெஷினு அது, எத்தினி பேரு எறங்கிக் கீறாங்க..."

"ஜெனரேட்டரு வச்சி எத்தினி பேரு எறங்கினாங்க?"

ஹரி கரி படிந்த தன் விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான்.

அடுத்த நொடி அவர் சட்டையைக் கழற்றினார். மேடையில் நிறுத்தியிருந்த இன்னொரு சிலிண்டரைத் தூக்கி முதுகில் மாட்டப் போனார்.

"அதுவும் காலைல ரொப்பினதுதானே?" என்றான் ஹரி.

மாசிலாமணியின் கை அப்படியே நின்றது. சிலிண்டரைக் கீழே வைத்தார். மாஸ்க்கை மட்டும் மாட்டிக்கொண்டு, மூச்சை நிரப்பி, தண்ணீரில் குதித்தார். ஹரி பார்த்துக்கொண்டே நின்றான். அவர் வெகு சீக்கிரமே மேலே வந்துவிட்டார், இருமிக்கொண்டு. மறுபடி முங்கினார். மறுபடியும் வந்தார். "ஆழம்... என்னால முடில சார். மின்ன மாதிரி தம் இல்ல."

அங்கே கிடந்த மிதவையிலிருந்து கீழே போகும் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது லாரியில் கட்டியிருந்தது, அசையவில்லை. அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால்தானே தெரியும்.

குமிழிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு கொத்து சீராக. இன்னொன்று தாறுமாறாக, கொஞ்சம் வந்து, நின்று, மறுபடி நிறைய வந்து.

ஹரியின் கண் கையிலிருந்த ஸ்பேனரில் விழுந்தது. ஹேவ்லாக்கில் ஒரு நாள் நந்திதா சொல்லிக்கொண்டிருந்தாள்: தண்ணிக்குள்ள பேச முடியாது, ஆனா இரும்புல தட்டினா ரொம்ப தூரம் கேக்கும், யாராவது தள்ளிப் போனா நான் சிலிண்டர்ல தட்டுவேன், திரும்பிப் பாப்பாங்க.

இரும்பு ஏணி. ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு அதை நோக்கி ஓடினான்.

"சட்டுனு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும் சார்!" மாசிலாமணி தண்ணீருக்குள்ளிருந்தபடியே கத்தினார். "நீங்க தட்டி, அவுங்க பயந்துக்கினு சரசரன்னு வந்துட்டா..."

ஹரி ஒரு கணம் நின்றான். அது உண்மை என்று அவனுக்கும் தெரியும். நந்திதாவே சொல்லியிருக்கிறாள். கூப்பிட்டாலும் ஆபத்து, கூப்பிடாவிட்டாலும் ஆபத்து.

"எப்டி வரணும்னு அவளுக்குத் தெரியும்," என்றான். "வரணும்னுதான் தெரியாது."

ஏணியில் இறங்கினான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. குளிர் மூச்சை அடைத்தது. காலுக்குக் கீழே படிகள் பாசி பிடித்து வழுக்கின. இடது கையால் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வலது கையைத் தண்ணீருக்குள் விட்டு, ஸ்பேனரால் இரும்பில் ஓங்கி அடித்தான். தண்ணீர் அடியின் வேகத்தை விழுங்கியது. மறுபடி அடித்தான். விரல் நசுங்கியது. மறுபடி. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தான். வெளியே மந்தமாகத்தான் கேட்டது. உள்ளே எப்படிக் கேட்கிறதோ, கேட்கிறதோ இல்லையோ.

மாசிலாமணி மேடையில் ஏறிப் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தெலுங்கில் வழியை ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னார்.

குமிழிகள் இடம் மாறின.

முதலில் அவன் நம்பவில்லை. பிறகு தெளிவாகத் தெரிந்தது. இரண்டு கொத்தும் ஒன்றாகச் சேர்ந்து ஏணியின் பக்கம் நகர்ந்து வந்தன. வந்தன. பிறகு ஒரே இடத்தில் நின்றுவிட்டன. நீட்டினால் கை எட்டிவிடும் தூரம்தான் என்று தோன்றியது. அங்கேயே நின்று கொப்பளித்துக்கொண்டிருந்தன.

"ஏன் நிக்கறாங்க? ஏன் மேல வர மாட்டேங்கறாங்க?"

"நின்னு நிதானமாத்தான் சார் வரணும். அதான் முற. அவுங்களுக்கு விஷயம் தெரியாதே..."

முறைப்படி நிற்கிறாள். அந்த விஷக்காற்றை இழுத்துக்கொண்டு முறைப்படி நிற்கிறாள். ஹரிக்கு வெறி பிடித்தது போல ஆயிற்று. "வாடீ!" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டே அடித்தான். "மேல வாடீ! நந்தி!"

தண்ணீர் பிளந்தது. முதலில் ரோஜாவின் தலை. அதை ஒட்டி நந்திதா. ரோஜா வாயிலிருந்த குழாயைத் தானே எடுத்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. "பாகுந்தி," என்றாள், சிரித்துக்கொண்டே. நல்லா இருக்குது என்று. அடுத்து அவள் தலை பின்னால் சாய்ந்தது. கண் செருகிவிட்டது.

நந்திதா அவளுடைய மிதவை ஜாக்கெட்டில் காற்றை அடித்து மிதக்கவிட்டு, மோவாயைத் தூக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் உதைப்பது ஒரு பக்கமாகவே போயிற்று. எப்போதும் மீன் போலப் போகிறவள்.

"என்ன ஆச்சு? ஏன் தட்டுன?" நாக்கு குழறியது.

"காத்துல புக! சிலிண்டர்ல புக! அத மறுபடி வாய்ல வைக்காத!"

அவள் முகத்தில் அந்த வார்த்தை போய்ச் சேர்ந்ததை ஹரி பார்த்தான். ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு ரோஜாவின் சிலிண்டர்ப் பட்டைகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

தமிழரசு மேலிருந்து ஓடி வந்திருந்தார். அவரும் மாசிலாமணியும் மேடையிலிருந்து ரோஜாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, ஹரி கீழிருந்து தள்ளினான். அவள் மேடைக்குப் போய்ச் சேர்ந்தாள். "மூச்சு இருக்குது, இருக்குது," என்று தமிழரசு கத்தினார்.

"நீ ஏறு," என்று ஹரி திரும்பினான்.

நந்திதா ஏணியைப் பிடித்திருந்தாள். அவனைப் பார்த்துத் தலையாட்டினாள். ஒரு காலைப் படியில் வைத்தாள். அப்படியே விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. ஒரு சத்தமும் இல்லாமல் அவள் பின்னால் சரிந்தாள்.

ஹரி பாய்ந்து அவள் தோளிலிருந்த சிலிண்டர்ப் பட்டையைப் பிடித்தான். முதுகிலிருந்த சிலிண்டரோடு சேர்ந்து அந்தக் கனம் அவனை இழுத்தது. பாசியில் கால் வழுக்கியது. தண்ணீர் முகத்துக்கு மேல் ஏறியது. மூக்கில், வாயில், கண்ணில் பச்சைத் தண்ணீர். அவனுடைய இடது கை மட்டும் ஏணிப்படியில் இருந்தது. அதை விட்டால் இரண்டு பேரும் போவோம் என்று தெரிந்தது. வலது கையை விட்டால் அவள் மட்டும் போவாள் என்றும் தெரிந்தது. இரண்டையும் விடவில்லை. தோள்மூட்டு பிய்ந்துவிடும் போல வலித்தது.

யாரோ பக்கத்தில் தண்ணீரில் விழுந்தார்கள். மாசிலாமணி. நந்திதாவின் இடுப்புக்குக் கீழே தோளைக் கொடுத்து மேலே உந்தினார். ஹரியின் தலை தண்ணீருக்கு வெளியே வந்தது. காற்று கிடைத்தது. மாசிலாமணி பட்டையின் கொக்கியைத் தட்டிவிட, சிலிண்டர் கழன்று மூழ்கிப் போனது.

*

மேடையில் நந்திதா குப்புறப் படுத்து வாந்தி எடுத்தாள். எடுத்துக்கொண்டே கேட்டாள்: "ஆக்சிஜன்? ஆக்சிஜன் கிட் எங்க?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார். "வாங்கணும்னுதான் இருந்தேங்க."

ரோஜா சுவாசித்துக்கொண்டிருந்தாள், ஆனால் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை நந்திதா அவள் பக்கத்திலேயே தவழ்ந்து போய், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ரோஜா, இங்க பாருங்க, என்னப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கே கண் நிலைக்கவில்லை. ஹரி பின்னால் உட்கார்ந்து அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். அந்தக் காத்திருப்பு தண்ணீருக்குள் இருந்ததைவிட நீளமாக இருந்தது.

ஆம்புலன்ஸிலேயே இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். புத்தூரில் முதலுதவி பார்த்துத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலம் ரோஜா கண் விழித்துத் தன் அம்மாவின் பெயரைச் சரியாகச் சொன்னாள். நல்லவேளை, மேலே வர இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

வராந்தாவில் மாசிலாமணி ஈரத் துணியோடு ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்று பெயர், ஊர் விசாரித்துக்கொண்டிருந்தார். ஹரி மாசிலாமணியை அடிக்கவேண்டும் என்று நினைத்துத்தான் நடந்து போனான். கிட்டப் போனதும் அந்த மனிதர் எழுந்து நின்றார்.

"மழைல ஜெனரேட்டர் நனையக்கூடாதேன்னு நான்தான் சார் எறவாணத்துக்கு அடில வைக்கச் சொன்னேன். தமிழரசு மேல தப்பில்ல. போலீசுல கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். சொல்லிட்டேன்."

ஹரியின் கை எழவில்லை. அந்தத் தோள்தான் நந்திதாவைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டது. அந்த வாய்தான் 'ஒண்ணும் ஆகாது' என்று சொன்னது. இரண்டையும் சேர்த்து அவனால் எதுவும் செய்ய முடியவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டான்.

குவாரியை வருவாய்த் துறை ஆட்கள் வந்து வேலி போட்டு அடைத்தார்கள். மாசிலாமணி மேல் வழக்குப் பதிவானது. ரோஜா பொங்கலுக்குள் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள்; கொஞ்ச நாள் தலைவலி இருந்ததாகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று ஹரியும் நந்திதாவும் குவாரியிலிருந்து எடுத்து வந்திருந்த பைக்கில் ஊர் திரும்பினார்கள். நாராயணவனத்தில் கோயில் தெருவில் ஒரு டீக்கடையில் நிறுத்தினான். பேசவேண்டும் போல இருந்தது. வீட்டில் பேச முடியாது.

"முதல் மூச்சுலயே டீசல் வாடை அடிச்சுது," என்றாள் நந்திதா, டீயைப் பார்த்துக்கொண்டு.

ஹரி நிமிர்ந்தான்.

"லேசாத்தான். புது ரப்பர் வாடையா இருக்கும்னு நெனச்சேன். மறுபடி இழுத்துப் பாத்தேன், அப்பவும் இருந்துச்சு. அங்கயா இருந்தா, ஹேவ்லாக்கா இருந்தா, உடனே கீழ வச்சிருப்பேன். வேற சிலிண்டர் கொண்டான்னு கத்தியிருப்பேன். இங்க..." அவள் நிறுத்தினாள். "இதையும் வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் எனக்கு என்ன இருக்குன்னு தோணுச்சு. ரப்பர்தான்னு என்னை நானே நம்ப வச்சுக்கிட்டேன். கீழ போனதும் தலை பாரமா இருந்துச்சு. பழக்கம் விட்டுப்போச்சுன்னு நெனச்சேன். ரோஜா லாரி ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குறா, சிரிக்கிறா. சந்தோஷத்துல இருக்கான்னு நெனச்சேன். நீ தட்டலன்னா இன்னும் எதையாவது நெனச்சுக்கிட்டேதான் இருந்திருப்பேன்."

ஹரிக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரி நாட்களில் வராத கோபம். "அந்தப் பொண்ணு உன்ன நம்பி எறங்குச்சி."

"தெரியும்."

"நான் மேல நின்னுக்கினு இருந்தேன். எனக்கு நீச்சல் கூடத் தெரியாது."

"தெரியும், ஹரி."

டீக்கடைக்காரர் அவர்கள் பக்கம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஹரி தம்ளரைக் கீழே வைத்தான்.

"இனிமே தண்ணில எறங்கக் கூடாதுன்னு சொன்னா கேப்பியா?"

பொய் சொல்லலாமா என்று அவள் யோசிப்பது போல இருந்தது.

"மாட்டேன்," என்றாள்.

"செரி."

"ஆனா இனிமே ஒரு மூச்சு சந்தேகமா இருந்தாலும் திரும்பி வந்துடுவேன். உன் மேல சத்தியமா இல்ல, ரோஜா மேல சத்தியமா."

அவன் எழுந்து போய் டீக்குக் காசு கொடுத்தான். கோபம் அன்றைக்குத் தீரவில்லை; அதற்கப்புறமும் நிறைய நாள் இருந்தது. வீட்டில் பொன்னியம்மாள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சோறு போட்டாள்.

மார்ச் மாதம் காற்று அடங்கியதும் சென்னைக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஹரி லீவு போட்டுக் கூடப் போனான். கரையில் ஒரு மணி நேரம் அவர்களுடைய மெஷின் அறையிலேயே நின்றான். குழாய் எங்கே போகிறது, கூரைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் வாய் இருக்கிறது என்று ஏணி வைத்து ஏறியே பார்த்தான். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை, கேட்டதையெல்லாம் காட்டினார்கள். நந்திதா சிலிண்டரிலிருந்து காற்றை மெல்ல இழுத்தாள், வெளியே விட்டாள், மறுபடி இழுத்தாள். ஒன்றை எடுத்துத் தனியாக வைத்துவிட்டாள். என்ன என்று கேட்டதற்கு, "தெரியல. பிடிக்கல. வேற குடுங்க," என்றாள்.

படகில் ஹரி இரண்டு தடவை வாந்தி எடுத்தான். அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்து மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு முதுகுப்பக்கமாகத் தண்ணீரில் சாய்ந்தபோது, அவன் கை தன்னையறியாமல் அவள் பட்டையைத் தேடி நீண்டது. அதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

"சார், நீங்க எறங்கலியா?" என்றார் படகோட்டி.

"இல்லீங்க," என்றான் ஹரி. பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு, கடல்மேல் கண்ணை வைத்தபடி உட்கார்ந்தான். அவள் வரும்வரை குமிழிகளை ஒவ்வொன்றாக எண்ணினான்.